இடது பக்கத்து ஓட்டைப் பை

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் நீங்கள் என்னைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். முடிந்துவிட்டதால்தான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கதை சொல்கிறேன். போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு யாராவது என்னிடம் கதை கேட்டிருந்தால் கையிலிருந்த கத்தரிக்கோலையே வீசியிருப்பேன்.

எங்கள் கடை தெருவின் கடைசியில், முன்பு யாரோ கார் நிறுத்திவைத்த கூடம். ஷட்டரைத் தூக்கினால் கடை, இறக்கினால் குடோன். மூன்று பேர் வேலை செய்கிறோம். நான் வெட்டுவேன், தைப்பேன், வருகிறவர்களிடம் வாய் கொடுப்பேன். பட்டன் அக்கா பழைய துணிகளின் தையலைப் பிரிப்பார். பிரிக்கிற பட்டன்களை நிறம் பார்த்துப் பாட்டில் பாட்டிலாகச் சேர்த்து வைப்பதால் அந்தப் பேர். மூன்றாவது ஆள் எங்க வீட்டுக்காரர். பார்சல் ஆபீசில் முப்பது வருடம் மூட்டை பிரித்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் மணிக்கு நாலு தடவை ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கிறார் என்று நான்தான் இழுத்துவந்து குஷன் வேலையில் உட்காரவைத்தேன்.

மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கும் துணிதான் எங்களுக்கு முதல். முட்டி கிழிந்த ஜீன்ஸ் தோள்பை ஆகும். மூடிப்போன ஓட்டலிலிருந்து சீருடைச் சட்டைகள் நாற்பது வந்தன; அவை சின்னப் பெண்களுக்கு ஃபிராக்காகப் போய்விட்டன. சாயம் போன திரைச்சீலைக்கு உள்துணி கொடுத்து நான் தைத்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு போனவளை மூன்று பேர் வழியில் நிறுத்தி எங்கே வாங்கினாய் என்று கேட்டார்களாம். இதைச் சொல்லாமல் நான் யாரையும் கடையைவிட்டு அனுப்புவதில்லை.

வாசலில் ஒரு பலகை உண்டு: "இங்கே குப்பைத்தொட்டி கிடையாது." வெறும் ஜம்பம் இல்லை. வெட்டி ஒதுக்கியதெல்லாம் மேசைக்கு அடியில் நீலக் கூடைக்குப் போகும். வீட்டுக்காரர் அதை விரல் அகலத்துக்கு நறுக்கி குஷனுக்குள் திணிப்பார். நூல் துணுக்குகூட வெளியே போகாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் என் தம்பி மனைவி கடை வாசலில் வந்து நின்றாள். பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. இரண்டு வருடமாக அவள் என் வாசல்படி மிதித்ததில்லை. காரணம் என் நாக்குதான். அவர்களுடைய மகள் சிட்டு, ஏழு வயது, ஒரே ஒரு சட்டையைத்தான் போடுவாள். வேறு எதைப் போட்டாலும் உடம்பெல்லாம் எறும்பு ஊர்வதுபோல உதறிவிட்டு மூலையில் சுருண்டுகொள்வாள். டாக்டர்கள் அதற்கு நீளமாக ஒரு பேர் சொல்கிறார்கள். எனக்கு அப்போது அதெல்லாம் காதில் ஏறவில்லை. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ரெண்டு நாள் அந்தச் சட்டையை ஒளிச்சு வெச்சா தானா வழிக்கு வந்துடுவா, நீதான் செல்லம் குடுத்துக் கெடுக்கற" என்று பெரிய மனுஷிபோலச் சொல்லித் தொலைத்தேன். அவள் பாதித் தட்டோடு எழுந்து கை கழுவினாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் எப்போதாவது போனில் "நல்லா இருக்கீங்களா அண்ணி", அவ்வளவுதான்.

இப்போது அவளே வந்திருக்கிறாள். கையில் ஒரு துணிப்பை, பைக்குள் அந்தச் சட்டை. சாம்பல் நிறம், இடுப்புக்குக் கீழே இறங்கும் நீளம், இரண்டு பக்கமும் பை. நாலு வயதில் வாங்கியது. அக்குள் பிய்ந்து, கை முழங்கைக்கு ஏறி நின்றது.

"இது இனிமே பத்தாது அண்ணி. எத்தனையோ கடையில வேற பாத்துட்டேன். அதே நிறம், அதே துணி, எதையும் தொட மாட்டேங்கறா." மூச்சு வாங்கிக்கொண்டாள். "திங்கக்கிழமை புது ஸ்கூல்ல சேக்கறோம். மூணு ஸ்கூல்ல முடியாதுன்னுட்டாங்க. இந்த ஹெட்மிஸ்ட்ரஸ்தான், யூனிஃபார்ம் வேணாம், அவ சட்டையிலயே வரட்டும்னாங்க. ஆனா அன்னிக்கே வந்து உக்காரணுமாம். வரலைன்னா அந்த எடம் அடுத்த பிள்ளைக்குப் போயிடும்."

"அவ்வளவுதானே? இதே சட்டையைப் பெருசாக்கிட்டா போச்சு."

"முடியுமா?"

"என்னைப் பாத்து முடியுமான்னு கேக்கறியே!"

அவள் ஒரு தாளை நீட்டினாள். பன்னிரண்டு விஷயம் எழுதியிருந்தாள். கழுத்தில் லேபிள் கூடாது. பட்டன் மாற்றக்கூடாது. உள்ளே தையல் தடிக்கக்கூடாது. சோப்புகூட அவளே கொண்டுவந்திருந்தாள், வேறு வாசனை ஆகாதாம். கடைசி வரி: எதையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

"நம்ம கடையில எதையும் தூக்கிப்போடற வழக்கமே இல்ல" என்று பலகையைக் காட்டினேன். அவள் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே உயிரைக் கொடுத்துத் தைப்பது என்று முடிவு கட்டினேன்.

உயிரைக் கொடுத்துத்தான் தைத்தேன், பொய்யில்லை. இருபது வருடம் துவைத்துப் பூப்போலாகிவிட்ட சாம்பல் நிறப் படுக்கைவிரிப்பு ஒன்று இருந்தது, அதிலிருந்து இரண்டு பக்கமும் பட்டி கொடுத்தேன். கைக்கு நடுவில் துண்டு வைத்து நீட்டினேன். தையல் எல்லாவற்றையும் தட்டையாக மடித்து அமுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எது பழசு, எது சேர்த்தது என்று எனக்கே தெரியவில்லை. தாளில் பன்னிரண்டுக்கும் டிக் போட்டாயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். வியாழக்கிழமை இடது பக்கத்துப் பையை உள்ளே திருப்பிப் பார்த்தேன். வெள்ளைப் பருத்தி உள்துணி, நைந்து கண்ணாடியாகியிருந்தது. அடி மூலையில் ஒரு ஓட்டை. ஐயோ பாவம், பிள்ளை ஓட்டைப் பையோடு அலைந்திருக்கிறதே என்று மனசு உருகிவிட்டது. எங்கள் தொழிலின் அரிச்சுவடி என்ன? நைந்ததை வெட்டு, நல்லதை வை. வெட்டினேன். நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த பட்டு உள்துணியில் ஒரு துண்டை எடுத்துப் புதுப் பை வைத்தேன். பழைய பை நீலக் கூடைக்குப் போனது. யாரும் கேட்காமல், அத்தையின் அன்பளிப்பு! நன்றாக இருந்த வயிற்றுக்கு மருந்து கொடுத்த கதைதான்.

சனிக்கிழமை காலை சிட்டுவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை, சட்டை இல்லாத நாலு நாளும் சுற்றியிருந்த அம்மாவின் பெரிய துப்பட்டாவோடு, எங்கள் யாரையும் பார்க்காமல் தரையின் டைல்ஸ் கோடுகளைப் பார்த்தபடி நின்றாள். சட்டையை நீட்டினேன். முகர்ந்தாள், காலரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், போட்டுக்கொண்டாள். பட்டனை அவளே போட்டாள். கை சரியாக மணிக்கட்டில் வந்து நின்றது. அவள் அம்மா என் கையைப் பிடித்தாள். நானும் வெற்றி வீராங்கனைபோல நின்றேன்.

அப்போது சிட்டுவின் இடது கை பைக்குள் போனது. போய் நின்றது. வெளியே வந்து மறுபடியும் போனது. அடி மூலையில் விரல் முட்டி முட்டித் தேடுவது வெளியிலேயே தெரிந்தது. பிறகு ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினாள். சட்டையை அழகாக மடித்து என் கையில் கொடுத்தாள்.

"இது சிட்டுவோடது இல்ல."

அழவில்லை, கத்தவில்லை. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெட்டும் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

அவள் அம்மா தாளை எடுத்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். லேபிள், பட்டன், தையல், சோப்பு. அவள் குரல் போகப் போக இறங்கியது.

"பைக்குள்ள என்ன தேடுச்சு?" என்று கேட்டது பட்டன் அக்கா. அவர் பேசுவதே அபூர்வம். "அந்தப் பழைய பையில ஒரு ஓட்டை இருந்துச்சே."

"ஓட்டை இருந்துச்சு. அதைத்தான் சரி பண்ணேன்."

"சாதாரண ஓட்டைன்னா ஓரத்துல நூல் பிஞ்சு தொங்கும். இது சுத்தி வழவழன்னு மழுங்கி இருந்துச்சு. தினம் யாரோ விரலை விட்டுத் தேச்ச ஓட்டை அது."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே அக்கா!"

"நீ எங்க பேச விட்ட? பட்டுத் துணி பட்டுத் துணின்னு குதிச்சுக்கிட்டு இருந்த."

தம்பி மனைவி தாளைக் கீழே வைத்தாள். "எப்பவும் கையைப் பைக்குள்ளயே வெச்சிருப்பா. ஓட்டை இருக்குன்னு தெரியும், தைக்கணும் தைக்கணும்னு நெனைச்சுக்கிட்டே இருந்தேன். இதுக்குன்னு தெரியாது அண்ணி. எனக்கே தெரியாது."

நான் சும்மா இருப்பேனா? புதுப் பையின் மூலையில் டக்கென்று ஒரு ஓட்டை போட்டு, குனிந்து மேசைக்கு அடியில் நீட்டினேன். சின்ன விரல் உள்ளே போனது. ஒரு நொடிதான். சட்டை திரும்பி வந்துவிட்டது. பட்டுத் துணியும் புதிதாக வெட்டிய ஓரமும் யாரை ஏமாற்றும்? எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

பழைய பைதான் வேண்டும். நீலக் கூடையைக் கவிழ்த்தேன். காலி. வெள்ளிக்கிழமையே வீட்டுக்காரர் எல்லாவற்றையும் நறுக்கித் திணித்துவிட்டார். அவர் செய்யும் ஒவ்வொரு குஷனிலும் தேதி எழுதித் துண்டு குத்துவார், பார்சல் ஆபீஸ் புத்தி. அலமாரியில் வெள்ளிக்கிழமைத் தேதியோடு நாலு குஷன் இருந்தன.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. முதல் குஷனின் வயிற்றைக் கிழித்தேன். உள்ளே ஆயிரம் துணுக்கு. கொட்டிக் கிளறினேன், வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் தம்பி மனைவி பொறுக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். சட்டைத் துணி, தலையணை உறைத் துணி, எவருடையதோ கைக்குட்டை. இரண்டாவதையும் கிழித்தேன். கடை முழுக்க முழங்கால் உயரத்துக்குத் துணுக்கு. மூன்றாவதில் கத்தரியை வைக்கும்போது வீட்டுக்காரர் காலித் தள்ளுவண்டியோடு உள்ளே வந்தார். வந்தவர் அப்படியே நின்றார்.

"என்னம்மா இது, கோழிச் சண்டையா?"

நான் மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். இந்த நிதானம்தான் எனக்கு எப்போதும் ஆகாது.

"வெள்ளையா, மெல்லிசா, பை மாதிரியே இருந்துச்சே, அதுவா?"

"அதேதான்! நறுக்கிட்டீங்களா?"

"எதுக்கு நறுக்கணும்? அவ்வளவு மெத்துன்னு இருந்ததை நறுக்க மனசு வரல. மெல்லிசுத் துணியெல்லாம் முழுசா மடிச்சு மூலைக்கு வெச்சிடுவேன். குஷனுக்கு மூலைதானே முதல்ல சப்பையாப் போகும்? வயித்தைக் கிழிக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அடிக்கவும் தோன்றியது. கிழிந்த இரண்டின் மூலைகளையும் கிழியாத இரண்டின் மூலைகளையும் பார்த்தோம். மொத்தம் பதினாறு மூலை. மஸ்லின் இருந்தது, குழந்தைத் துணி இருந்தது. பை இல்லை.

"வெள்ளிக்கிழமை எத்தனை பண்ணீங்க?"

"ஆறு."

"மீதி ரெண்டு?"

அவர் தள்ளுவண்டியைத் திரும்பிப் பார்த்தார். "இப்பத்தான் பல் டாக்டர்கிட்ட குடுத்துட்டு வரேன்."

பல் டாக்டர் வீடு மூன்று தெரு தள்ளி. சிட்டுவைப் பட்டன் அக்காவிடம் விட்டோம். விட்டோம் என்ன, அவர் ஏற்கெனவே நீலப் பட்டன் பாட்டிலை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூவரும் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினோம். என் முழங்கால் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

இரண்டாவது தெருவில் எனக்கு அடக்க முடியவில்லை. "அன்னிக்கு நான் சொன்னது தப்புதான். ஒளிச்சு வெச்சா சரியாயிடும்னு வாய் கூசாம சொன்னேன். இன்னிக்கு ஒளிக்காமலே அவ சட்டையைத் தொலைச்சுட்டேன்."

"நடங்க அண்ணி. அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். ஆனால் தெருவைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கடந்த பிறகும் விடவில்லை.

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஆறு நாற்காலி, ஆறிலும் ஆள். ஒரு குஷன் டோக்கன் கொடுக்கிற பெண்ணின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவள் எழுந்து கொடுத்துவிட்டாள். என் சட்டைக் காலரில் எப்போதும் ஊசியும் நூலும் குத்தியிருக்கும், சின்னக் கத்தரி இடுப்பில் இருக்கும். நாலு மூலையையும் இரண்டு விரல் அளவுக்குப் பிரித்துப் பார்த்தேன். இல்லை.

கடைசிக் குஷன்மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆள் வாட்டசாட்டம். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கர்சீப்பால் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

"கொஞ்சம் எழுந்திருக்க முடியுமா?" என்றேன்.

வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார், முடியாது என்று. ஏழு என்று எழுதிய டோக்கனைக் காட்டினார்.

"உங்க டோக்கனை யாரும் பிடுங்கல. குஷன்தான் வேணும்."

"ஒரு மழி நேரமா நிக்கழேன்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "இழ்பதான் ழடம் கெடெச்சுது."

வேறு நாளாக இருந்தால் நான் அவரை நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வைத்திருப்பேன். தம்பி மனைவி முன்னால் வந்தாள். அவர் முன்னால் குனிந்து, மெதுவாகச் சொன்னாள்.

"அந்தக் குஷன் மூலையில என் பொண்ணோட சட்டைப் பை இருக்கு. அது கெடைச்சாத்தான் திங்கக்கிழமை அவ ஸ்கூலுக்குப் போவா. உங்க எடத்துல என் அண்ணி உக்காந்து பாத்துக்குவாங்க. யாரும் வர மாட்டாங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் குஷனை வைத்துப் பிரித்தேன். முதல் மூலையில் சாக்ஸ். இரண்டாவதில் ஒரு பாப்லின் துண்டு. மூன்றாவதில் விரலை விட்டபோது ஒன்று மிருதுவாகத் தட்டியது. இழுத்தேன். வெள்ளையாக, நாலாக மடித்து, ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தது. விரித்தேன். அடி மூலையில் ஓட்டை.

"அப்பாடா!" என்று நான் போட்ட சத்தத்தில் டாக்டரே கையில் இடுக்கியோடு வெளியே எட்டிப் பார்த்தார்.

வயிற்றில் பால் வார்த்தது என்பார்களே, அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் எனக்கு முழுசாகப் புரிந்தது. தம்பி மனைவி பையை வாங்கி, ஓட்டைக்குள் விரலை விட்டு, கட்டைவிரலால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தாள். ஒரு முறை, இரண்டு முறை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது.

"நல்லா இருக்கு அண்ணி. நெஜமாவே நல்லா இருக்கு. மூணு வருஷமா இங்கதான் இருந்திருக்கா என் பொண்ணு."

வாங்கி நானும் தேய்த்துப் பார்த்தேன். வீட்டுக்காரரும் பார்த்தார். வீங்கிய கன்னக்காரர் கையை நீட்டினார், அவருக்கும் ஒரு தடவை கொடுத்தோம். தேய்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அங்கேயே உட்கார்ந்து நான் மூலைகளைத் தைத்து, குஷனை நாற்காலியில் வைத்துக் கொடுத்தேன். உட்கார்ந்தவர் உடனே முகத்தைச் சுளித்தார்.

"ழொரு பக்கம் பள்ழமா ழிருக்கு."

"திங்கக்கிழமை புதுசு ஒண்ணு கொண்டுவந்து தரேன், போங்க!" என்றேன். சந்தோஷத்தில் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

கடைக்கு வந்தால் மேசைக்கு அடியில் இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன. நீலப் பட்டன்கள் ஐம்பது, அடர்த்தியிலிருந்து வெளிறியது வரை, டைல்ஸ் கோடு பிசகாமல் வரிசையாக நின்றன. பட்டன் அக்கா தலையை நீட்டி, "இந்தப் பிள்ளைக்கு என்னைவிடக் கண்ணு கூர்மை. நான் ஒரே பாட்டில்ல போட்டிருந்த ரெண்டு நீலத்தைப் பிரிச்சுக் காட்டிட்டா" என்றார்.

பையை அவர்கள் சோப்பிலேயே அலசி, அயர்ன் வைத்துக் காயவைத்தேன். பட்டுப் பையைப் பிரித்து எறிந்தேன். கூடைக்குத்தான், வேறு எங்கே? பழைய பையை அதே இடத்தில், அதே தையல் துளைகளில் ஊசி இறக்கி, கையாலேயே தைத்தேன். அப்போது ஒரு யோசனை வந்தது. யாரும் கேட்காத யோசனை என்றதும் எனக்கே பயம். இந்த முறை வாயைத் திறந்து கேட்டேன்.

"இந்த ஓட்டை இருக்கட்டும். ஆனா அவ உள்ள போடறதெல்லாம் கீழ விழுந்துடும்ல? இதுக்கு வெளிப்பக்கமா, இதைத் தொடாம, இன்னொரு பை தொங்க விடட்டுமா? விரல் போனா அதுக்குள்ள காத்தாட இருக்கும். வேணாம்னா விட்டுடறேன்."

தம்பி மனைவி யோசித்தாள். மேசைக்கு அடியில் குனிந்து, "சிட்டு, அத்தை கேக்கறாங்க" என்று ஆரம்பித்து முழுசாகச் சொன்னாள். நான் அந்தப் பிள்ளையிடம் எதையும் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு, "பழசுல பண்ணு" என்று பதில் வந்தது. அதே படுக்கைவிரிப்பிலிருந்து வெட்டி, தளர்வாகத் தொங்கவிட்டேன்.

சிட்டு வெளியே வந்தாள். முகர்ந்தாள், கன்னத்தில் வைத்தாள், போட்டாள். நாங்கள் நாலு பேரும் சிலையாக நின்றோம். இடது கை பைக்குள் போனது. நின்றது. அடி மூலைக்கு இறங்கியது. அவள் தோள் இரண்டும் மெதுவாகக் கீழே இறங்குவதைப் பார்த்தேன். அதுவரை அவை காதுக்குப் பக்கத்தில் ஏறி நின்றதே எனக்குத் தெரியாது.

"இருக்கு" என்றாள்.

அவள் அம்மா அப்படியே துணுக்குக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர், "குஷன் தயாராகறதுக்கு முன்னாடியே உக்காந்தாச்சா" என்று ஜோக் அடித்தார். சுமாரான ஜோக்தான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்று மதியம் அவள் எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். தட்டை முழுசாகக் காலி செய்துவிட்டு எழுந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை காலை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரே காலரை மூன்று தடவை தைத்துப் பிரித்தேன். பத்தே காலுக்குப் போன் வந்தது.

"உள்ள போயிட்டா அண்ணி. கையைப் பைக்குள்ள விட்டுக்கிட்டு நேரா நடந்து போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல. நான்தான் இன்னும் கேட்டுக்கு வெளிய நிக்கறேன்."

"வீட்டுக்குப் போயேன்!"

"போறேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போறேன்."

மூன்றரை மணிக்கு இரண்டு பேரும் நேராகக் கடைக்கு வந்தார்கள். சிட்டு யாரையும் பார்க்காமல் வெட்டும் மேசைக்கு வந்தாள். சட்டையைத் தூக்கி, வெளிப்பையைக் கையால் ஏந்திப் பிடித்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு சாக்பீஸ் துண்டு. பென்சில் சீவிய சுருள். காய்ந்த இலை. கடைசியில் ஒரு சிவப்பு மணி, கோத்து அறுந்த மாலையில் இருப்பது போன்றது.

"கீழ விழல" என்று என்னிடம் சொன்னாள். என்னிடம்! நேராக!

அவள் அம்மா மணியைக் கையில் எடுத்தாள். "இது ஏதுடி கண்ணு?"

"பக்கத்துல இருக்கறவ குடுத்தா. நாளைக்குப் பச்சை தருவா."

தம்பி மனைவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஏழு வருடத்தில் சிட்டுவுக்கு இன்னொரு பிள்ளை எதையாவது கொடுத்ததாக யாரும் கேட்டதில்லை. நான் ஏதாவது பேசினால் அழுதுவிடுவேன் என்று மெஷினுக்கு நூல் கோக்கப் போனேன். நூல் நாலு தடவை தவறியது.

"நான் என்ன குடுக்கணும்?" என்று கேட்டாள் சிட்டு.

பட்டன் அக்கா எழுந்தார். அலமாரியில் இருந்த பதினேழு பாட்டில்களையும், மற்றவர்கள் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருந்தவற்றை, ஒவ்வொன்றாக இறக்கி அவள் முன்னால் மூடி திறந்து வைத்தார். சிட்டு நிதானமாகத் தேடி ஒரு பிடி எடுத்தாள். எடுத்ததை ஒவ்வொன்றாக, அந்த ஓட்டை வழியே உள்ளே விட ஆரம்பித்தாள். நாங்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். டிக், டிக் என்று பட்டன்மேல் பட்டனாக வெளிப்பையில் போய் விழுந்தன. தரையில் ஒன்றுகூட விழவில்லை.